ஹாக்ஸ்பாட்டம் வம்சத்தின் கடைசிக் கையெழுத்து

ராச்டேல்,
செவ்வாய்க்கிழமை, மழை.

ஹாக்ஸ்பாட்டம் குலத்தின் கடைசி வாரிசும் வரும் சனிக்கிழமை மணமகளுமான சௌபாக்கியவதி பிலிப்பாவுக்கு, உன் பெரியப்பா வில்ஃப்ரட் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மூட்டுவலியும் க்ஷேமம்.

"'ஹாக்'னா பன்னி, 'பாட்டம்'னா பின்புறம்னு பள்ளிக்கூடத்துல என்னைப் 'பன்னிப் பின்புறம்'னே கூப்பிட்டாங்க பெரியப்பா. கௌரவமா ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுக் குடுங்க, பேரை வச்சுக்கறேன். இல்லேன்னா கல்யாணக் கையெழுத்துப் போடறப்பவே கிளெமென்ட்டோட 'ஃபேர்மெடோ'ங்கற பேருக்கு மாறிடுவேன்" என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. ஃபேர்மெடோ! அழகிய புல்வெளி! மாடுதான் சந்தோஷப்படும். ஆகவே நேற்று நம் பெயரின் ஊற்றுக்கண்ணான ஹாக்ஸ்பாட்டம் கிராமத்தின் மீதே படையெடுத்தேன். மூன்று பஸ் மாறி, நோவாவே பேழையை விட்டு இறங்க மறுத்திருக்கக்கூடிய மழையில், என் குடை முதல் திருப்பத்திலேயே என்னைத் துறந்து லங்காஷயரை விட்டே பறந்துபோக, சொட்டச் சொட்ட அங்கிருந்த ஒரே பப்பில் நுழைந்து, "இந்த ஊர்ப் பிரபு திரும்பி வந்திருக்கேன்!" என்று முழங்கினேன். கடைக்கார அம்மாள் ஈனிட் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மிதியடியில ஷூவைத் துடைச்சுட்டு வாங்க, பிரபு."

பெயரையும், ராச்டேலிலிருந்து வருவதையும் சொல்லி, அவளிடம் பொருள் கேட்டேன். 'பாட்டம்' என்றால் அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கின் அடித்தரையாம். நீ பயந்த உறுப்பு இல்லை. முதல் வெற்றி! "அப்ப இங்கே எத்தனை ஹாக்ஸ்பாட்டம் குடும்பம்?" என்றேன், மார்பை நிமிர்த்தி.

"ஒண்ணுகூட இல்ல. இங்க இருக்கற எல்லாருமே ஹாக்ஸ்பாட்டம்காரங்கதானே, யாரைன்னு தனியா அப்படிக் கூப்பிடறது? ஊரை விட்டுப் போனவனைத்தான் போன இடத்துல அப்படிச் சொல்வாங்க."

"எங்க மூதாதை ஏன் போனாரு?"

"பன்னி வளர்த்த ஊருங்க இது. பன்னியை விட்டுட்டுப் போனாரோ, ஓட்டிட்டுப் போனாரோ!" என்றவள் உள்பக்கம் திரும்பி, "ஸ்டான்லி, அந்த ராச்டேல்காரருக்கு ஒரு டீ போடு!" என்றாள். எழுநூறு வருஷப் பெயர் ஏழே நிமிஷத்தில் போச்சு.

ஆனால் டீயின் கடைசி வாயில் எனக்கு உறைத்தது. கண்ணே, நம் வீட்டில் இருந்தவரை நீ வெறும் பிலிப்பாதான். இந்தப் பெயர் கிளம்பிப் போகிறவர்களுக்கானது. சனிக்கிழமையிலிருந்துதானே அது உனக்குப் பொருந்தவே ஆரம்பிக்கிறது! அதைப் போய் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்களா? எனக்குப் பிறகு இதைச் சுமக்க வேறு ஆளில்லை அம்மா.

உனக்கும் புல்வெளி மாப்பிள்ளைக்கும் மழையில்லாத சனிக்கிழமையும், பிறகு எத்தனை மழை பெய்தாலும் ஒழுகாத கூரையும் வாய்க்கட்டும்.

உன் பெரியப்பா,
வில்ஃப்ரட் ஹாக்ஸ்பாட்டம்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அப்பா வைத்திருந்த பழைய தேவாலயப் பதிவின் நகல் கண்ணில் பட்டது. பெயரை எழுதிய எழுத்தர் பிழைவிட்டிருக்கிறார். நம்முடையது பன்றி 'ஹாக்'கே இல்லையாம், பருந்து 'ஹாக்'காம்! ஊரும் வேறு, நாற்பது மைல் தள்ளி. ஆனால் உன் கல்யாணக் கேக்கின் உச்சியில் சர்க்கரைப் பன்றி ஒன்று வைக்கச் சொல்லி நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன். பதறாதே, இப்போதுதான் போன் செய்து இறக்கை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.