அட்லஸ் டாக்டரும் ஐந்து புத்தகங்களும்

காஞ்சிபுரத்தில் பூகோளம் தெரியாத ஒருவரைப் பார்த்தால், அவருக்கு இதுவரை பல்வலி வந்ததில்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

காரணம், எங்கள் தெருவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் அட்லஸ் டாக்டர். அவருடைய நிஜப்பெயர் வாசல் போர்டில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. மற்ற டாக்டர்கள் சினிமாப் பத்திரிகை போட்டுவைக்கிற இடத்தில் இவர் ஐந்து புத்தகங்களை வைத்திருப்பார். மேசையையே மூடுகிற ஒரு அட்லஸ். மழையையும் காற்றையும் பற்றி ஒன்று, ஆறுகளைப் பற்றி ஒன்று, கல்லும் மண்ணும் பற்றி ஒன்று. கடைசியாக, ஊர் ஊராக நடந்தே சுற்றிய ஒரு மனுஷர் எழுதியது.

"பூகோளத்துல ஆசை இருக்கிறவங்க வீட்டுல அரிசி இருக்குதோ இல்லையோ, இந்த அஞ்சும் இருக்கணும்பா" என்பார். எதிரில் இருப்பவர் மறுக்க முடியாது. அவர் வாய்க்குள் பஞ்சு இருக்கும்.

இதில் எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். நான் இதே ஊரில் புவியியல் ஆசிரியர். ஊதியம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்லித்தருகிறவன்.

ஒருநாள் என் மகள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு ஓடிவந்தாள்.

"அப்பா! இமயமலை இன்னும் வளர்ந்துக்கினே இருக்குதாம்! கடைவாய்ப் பல்லு முட்டினா முன்பல்லு தூக்கிக்கினு வருதில்ல, அந்த மாதிரியாம்!"

"இதை நான் உனக்குப் போன வருஷமே சொன்னேனே?"

"நீங்க சொன்னப்ப தூக்கம் வந்துச்சுப்பா."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அஞ்சு புத்தகம்னு அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல பாடப்புத்தகம் எங்க டாக்டர்?" என்றேன்.

"அது வேற அலமாரி சார்" என்றார். "மயக்க மருந்தோட இருக்குது."

காத்திருந்த கூட்டம் சிரித்தது. பட்டுக்கடை அம்மா ஒருவர் வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறி, அவருடையதைவிடப் பெரிய அட்லஸ் ஒன்று வாங்கிவந்தேன். என் மகள் அதன்மேல் இஸ்திரி போட்டாள்.

பிறகு எனக்கே பல் வலித்தது. கிராம்பு, உப்புத்தண்ணீர், வைராக்கியம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அந்த நாற்காலியில் போய் மல்லாந்தேன். அவர் முகத்தில் என்ன ஒரு பிரகாசம்!

ஊசி போட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். ஆரம்பித்தார்.

"நம்ம பாலாறு இருக்குது பாருங்க சார், அது ஜவ்வாது மலையில பொறக்குது…"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜவ்வாது மலையில் பிறப்பது செய்யாறு! திருமுக்கூடலில் பாலாற்றோடு வந்து சேருகிற ஆற்றின் பிறந்த ஊரை மனிதர் பாலாற்றுக்கு எழுதிவைத்துவிட்டார். எத்தனை நாள் காத்திருந்த தப்பு! "ஆ… ஊ… ஆ!" என்று கத்தினேன்.

"வலிக்குதா? இருங்க, இன்னொரு ஊசி போட்டுடலாம்."

திருத்தப்போனதற்கு இரண்டாவது ஊசி. பல்லைப் பிடுங்கியதும் எழுந்து, உதடு இருப்பதே தெரியாத வாயால் முழங்கினேன்: "ஆலாவு நந்நி வலை!"

"என்ன சார், வலையா?"

"நந்நி! நந்நி வலை! கவ்நாதகா!"

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனார். ஆற்றுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு, காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னார்:

"பாலாறு கர்நாடகாவுல, நந்தி மலையிலதான் பொறக்குது. நான் இத்தினி நாளா தப்பா சொல்லிக்கினு இருந்தேன். சார் சொன்னதுதான் கரெக்ட்."

ஜெயித்துவிட்டேன். கையில் பஞ்சோடு, கடைவாயில் எச்சில் ஒழுக நின்றேன்.

தறிக்காரர் ஒருவர் நெகிழ்ந்துபோய் எழுந்தார். "எவ்ளோ பெரிய மனசு பாருப்பா! எந்த டாக்டர் தப்பை ஒத்துக்கிறாரு?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அவர் புகழ் தெருமுனை தாண்டிவிட்டது. சரியாகச் சொன்னவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தப்பாகச் சொல்லியும் பேர் வாங்குகிற மனிதனை என்ன செய்வது?

போன மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரி பூட்டிக்கிடந்தது. எங்கே போனாரோ என்று தெருவே என்னிடம் விசாரித்தது, ஏதோ நான் அவருடைய தம்பி மாதிரி. மறுநாள் காலையில் வீடியோ காலில் வந்தார். பின்னால் பாறை, புதர், பனிமூட்டம்.

"சார், நந்தி மலையில இருக்கேன். இங்கதான் பாலாறு பொறக்குதாம். கொஞ்சூண்டு ஈரம் மட்டும்தான் இருக்குது. பாருங்க, கை வெச்சிருக்கேன். உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு தோணுச்சு."

வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரைகிற ஆறு. அது பிறக்கிற இடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. இந்த மனிதர் அங்கே குந்தி உட்கார்ந்து, ஈரக் கையைக் காட்டிச் சிரிக்கிறார். வயிறு எரிந்தது, அடங்கவே இல்லை.

ஆனால் வாயில் வந்தது வேறு. "பாத்து எழுந்திரிங்க டாக்டர். பாறை வழுக்கும்."