ஏணியும் எளிமையும்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு எளிமை வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அழைத்து வந்தவர் அலுவலர். மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். போகும்போது கையில் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை, சட்டையில் நாலு பேனா என்று நம்மைப் போலத்தான் போனார். வரும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்.

முதல் வேலையாகத் தன் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். அதன் மேல் ஒரு கண்ணாடிக் குவளையும், குவளையில் ஒரு காய்ந்த குச்சியும் மட்டும்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்தால் மனசு லேசாகிவிடுமாம். மேஜையில் இருந்த காகிதமெல்லாம் பதிவறைக்கு வந்து சேர்ந்தன. பேனாவும் போய்விட்டதால், கையெழுத்துப் போடும்போதெல்லாம் அலுவலரும் பதிவறைக்கு வர ஆரம்பித்தார், பேனா இரவல் கேட்டு.

பதிவறைப் பொறுப்பு ஒரு அம்மாளிடம் இருந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் முடித்து, அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டவள். காலையில் சாவியைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் கண்மூடி நின்றுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அரசாங்க வேலையில் அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அடுத்து அலுவலர் விட்ட சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: 'கடந்த ஆறு மாத காலத்தில் பயன்படுத்தப்படாத பொருட்கள் யாவும் தேவையற்றவை எனக் கருதப்பட்டு அகற்றப்படும்.' ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படிவம், ஐந்து பிரதி, முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அகற்றுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தனித்தனிக் கடிதம். அலுவலரின் நாற்காலி பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் அதன் முதுகில் அவருடைய கோட்டு தவறாமல் தொங்கியதால், அது பயன்பாட்டில் உள்ளதாகக் குறிக்கப்பட்டது. பொதுமக்கள் உட்காரும் பெஞ்சுகளைத் தணிக்கை செய்ய அலுவலகம் திறக்கும் முன்பே வந்து பார்த்தார்கள். ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெஞ்சுகள் போயின.

அம்மாளின் முறை வந்தது. அவள் அறை ஏணிக்கான படிவத்தில், 'கடைசியாகப் பயன்படுத்திய தேதி' என்று ஒரு கட்டம். நேற்று என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவளோ தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, ஏழு மாதத்துக்கு முந்தைய தேதியை முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பழைய பதிவேடுகள் கூரையை ஒட்டிய தட்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு ஏழு மாதமாக யாரும் வரவில்லை. அது அவள் குற்றமா?

மறுநாள் ஏணி பின்பக்கக் கிடங்குக்குப் போனது. கிடங்கு நீளம் பத்தாததால் அதன் இரண்டு கால்களும் ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு தச்சர் வந்தார். அவர் மகளுக்குத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை பிறப்புச் சான்றோடு போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். தாயில்லாத பெண், ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய வேலை என்றார். பெஞ்சு இல்லாததால் நின்றுகொண்டேதான் சொன்னார். பிறந்த வருஷத்தைக் கேட்டதும் அம்மாளின் கண் தானாகக் கூரைப் பக்கம் போனது. இருபத்திமூன்று வருஷம். மேல் தட்டு.

அலுவலரிடம் போய், ஏணியை ஒரு பத்து நிமிஷம் கொடுங்கள் சார் என்று கேட்டாள்.

"தாராளமா, அம்மா. ஆறு மாசத்துக்குள்ள அதைப் பயன்படுத்தினதுக்கு ஒரு அத்தாட்சி வையுங்க."

"பயன்படுத்தலைன்னுதானே சார் எடுத்துட்டுப் போனீங்க."

"பயன்படுத்தலைன்னா தேவையில்லாத பொருள். தேவையில்லாத பொருளை உங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

"இப்போ தேவைப்படுது சார்."

"அது ஆசை, அம்மா," என்றார் அலுவலர் கனிவாக. "பயிற்சியில முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க." சொல்லிவிட்டுக் குச்சியைப் பார்த்தார்.

தச்சர் சும்மா இருக்கிறவர் இல்லை. புதன்கிழமை தன் சொந்த ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எளிமைக் காலத்தில் புதிய பொருள் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே காவலாளி மறித்துவிட்டார். ஏணி புதுசு இல்லை, பதினைந்து வருஷப் பழசு என்றார் தச்சர். பழசு என்றால் அகற்ற வேண்டியது, உள்ளே விடவே முடியாது என்றார் காவலாளி. தச்சர் ஏணியைத் திருப்பிக்கொண்டு போனதை அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பக்கத்திலேயே கிடங்கு ஜன்னலில் அலுவலக ஏணியின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதற்கு மட்டும் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் எழுதிய தேதியால்தானே அந்தப் பெண்ணின் வேலை போகப் போகிறது, கடவுளே, நீதான் ஒரு வழி காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வழக்கம் போல ஒரு நிமிஷம் கண்மூடி நின்றுவிட்டுக் கதவைத் திறந்தாள். எதிரே எளிமை நின்றது. அகற்றிய பொருட்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றின் படிவமும் படமும் கடிதமும் ஐந்தைந்து பிரதியாகக் கட்டுக் கட்டாக அவள் அறையில்தான் குவிந்திருந்தன, அலுவலரின் மேஜை காலியாக இருக்க வேண்டுமே. ஒவ்வொரு கட்டும் செங்கல் கணக்காகக் கெட்டியாக இருந்தது.

அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெஞ்சுக் கட்டுகளைக் கீழே போட்டாள். அதன் மேல் மின்விசிறிக் கட்டுகள், அதன் மேல் தண்ணீர்ப் பானைக் கட்டுகள். உச்சியில் ஏணியின் கட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, ஏறினாள். பதிவேடு கைக்கு வந்த நேரம் பார்த்து அலுவலர் பேனா கேட்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்றீங்க அங்கே?"

அரசாங்கக் காகிதத்தை மிதித்துக்கொண்டு நிற்பவள் என்ன சொல்லுவாள்? வேலை போயிற்று என்றே நினைத்தாள். "பதிவேடு எடுக்கிறேன் சார்," என்றாள் உண்மையை.

அலுவலர் கீழிருந்து மேல் வரை ஒரு தடவை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா," என்றார். "ஏணி தேவைப்படலையே."

சான்றிதழில் அவள் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். தச்சரின் மகள் வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏணி இல்லாமலே பணிகள் செவ்வனே நடைபெறுகின்றன என்று அலுவலர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் மகிழ்ந்து, எல்லா அலுவலகமும் ஏணிகளை அகற்றிவிட்டு எளிமைக் கட்டுகளின் மேல் ஏற வேண்டும் என்று உத்தரவிட்டது. கட்டு உயரம் போதாத அலுவலகங்கள் ஐந்து பிரதிக்குப் பதில் ஒன்பது பிரதி எடுத்துக்கொள்ளலாம். அலுவலருக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. மேஜையில் வைக்க இடமில்லை என்று அதுவும் பதிவறைக்குப் போனது.

அடுத்த மாதம் தச்சர் வந்தார், இந்த முறை அளவு நாடாவோடு. கட்டுகளைப் பத்திரப்படுத்த அலமாரி செய்ய உத்தரவாம், கூரை வரைக்கும். அளந்துகொண்டே வந்தவர் நின்றார்.

"கட்டெல்லாம் அலமாரிக்குள்ள போயிட்டா எதுமேல ஏறுவீங்க, அம்மா?"

"புதுசா வரும் அண்ணே."

"இது பைத்தியக்காரத்தனம்னு ஒரு வார்த்தை மேல சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். எழுத்துல கேட்பாங்க. ஒன்பது பிரதி."

தச்சர் சிரித்துவிட்டு, நாற்பது அலமாரிக்குக் கணக்கெழுத ஆரம்பித்தார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மாள் புது அலமாரியின் மேல் தட்டு வரப்போகும் இடத்தை அண்ணாந்து பார்த்தாள். கட்டுகளின் மேல் ஏறி நின்று கையை உயர்த்திப் பார்த்தாள். இன்னும் ஒரு சாண் குறைந்தது. இறங்கி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, ஒன்பது பிரதியும் சேர்ந்தால் ஒரு சாண் உயரம் வரும்படி, புகாரை நிறுத்தி நிதானமாக எழுதத் தொடங்கினாள்.