மோட்டாரை நிறுத்தச் சொன்ன தக்கை

டிப்ளமா படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவருக்குக் கஷ்டம் என்று தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று விசாரிக்க மாட்டோம். அதற்கு ஒரு கருவி செய்துவிடலாம் என்று கிளம்பிவிடுவோம். நான் பிளாஸ்டிக் டெக்னாலஜியில் டிப்ளமா. (இரண்டு அரியர் வைத்து முடித்தேன். அதை இந்தக் கட்டுரையில் மறுபடி சொல்லப் போவதில்லை.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என் மாமனாருக்கு நான் செய்த உபகாரத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் நடந்தது இது. திருவொற்றியூர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர் ராஜா, அவருடைய அப்பா சேவியர். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தவறிவிட்டார். மாமா சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் மாத்திரை டப்பா தயாரிக்கிற ஒரு சின்ன யூனிட்டில், டப்பாவுக்கு மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் மாமா தூண்டில் வளைவுக்குப் போய்விடுவார். அலை கரையைத் தின்னாமல் இருக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டி வைத்த பாறைகளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அங்கே மூங்கில் கழியோடு மதியம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். பக்கத்துப் பாறையில் அவருடைய சிநேகிதர் கிரேன் மணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஓயாமல் இருமுகிறவர். வாரத்தின் மற்ற ஆறு நாளும் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் வேலைதான். அம்மா போன பிறகு நைனா வாய்விட்டுச் சிரிக்கிறது அந்தப் பாறையில் மட்டும்தான் என்று ராஜா சொல்வார்.

தூண்டில் நரம்பில் ஒரு தக்கை கட்டியிருப்பார்கள். அது தண்ணீரில் மிதக்கும். மீன் இரையை இழுத்தால் தக்கை முங்கும். முங்கியதும் கழியைத் தூக்கிவிட வேண்டும். மாமாவின் தக்கையில் நான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். அது மாதாமாதம் வளர்ந்துகொண்டே வந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது பேனா மூடி அளவில் இருந்தது, எலுமிச்சம்பழம் ஆனது, பிறகு சாத்துக்குடி. நிறமும் வெள்ளையிலிருந்து சிவப்பாகி, கடைசியில் கண்டெய்னர் லாரியின் பின்னால் ஒட்டுகிற மினுமினு ஸ்டிக்கரைச் சுற்றிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை அவர் கத்தியால் உருட்டி உருட்டிச் செதுக்கிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட தேங்காய் அளவு.

"மாமா, இது தக்கையா, படகா?" என்று கேட்டேன்.

"கடல்ல காத்து ஜாஸ்திமா" என்றார்.

தரையில் விழுந்திருந்த தூண்டில் முள்ளை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். அவர் கை என் கைக்கு அரை அடி தள்ளி, காற்றில் துழாவியது. முள்ளை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ரெண்டு கண்ணும் பொக மூட்டமா கீதுமா" என்றார். "ராஜா கைல சொல்லிடாத. தெரிஞ்சா கழிய ஒட்ச்சிப் போட்ருவான்."

அவர் பயம் நியாயமானது. போன வருடம் எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தப் பாறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அன்றைக்கே ராஜா சொல்லிவிட்டார், பார்வை கொஞ்சம் மங்கினாலும் பாறைப் பக்கம் போகக் கூடாது என்று. ஆபரேஷன் செய்துகொள்ளலாமே மாமா என்றேன். "நாப்பது வருசம் சிக்னல் பார்த்த கண்ணுமா. அதுல போய்க் கத்தி வெக்க வுடுவனா?" என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

புத்தி உள்ள மருமகளாக இருந்தால் நல்ல வார்த்தை நாலு சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள். நான் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்தேன். அதன் முதல் பக்கத்தில் "மேம்படுத்தப்பட்ட தக்கை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருக்கிறது என்று நினைக்க எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

கணக்கு எளிது. தக்கை பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மீனால் அதை முக்க முடியாது. சின்னதாக இருந்தால் மீன் முக்கும், ஆனால் மாமாவுக்குத் தெரியாது. அப்படியானால் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடிக்க வேண்டியதுதான். முங்கியதும் சத்தம் போடுகிற தக்கை. மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் இருக்கிறதே, அதே தத்துவம். இரண்டு ஸ்க்ரூவைத் தண்ணீர் தொட்டால் கரண்ட் பாயும், சத்தம் வரும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கேட்டேன்.

"வெறும் பீப் சத்தம் இப்ப வர்றதில்லம்மா. எல்லாம் பேசுறதுதான். லேடி வாய்ஸு, சோக்கா கீது" என்று கடைக்காரர் ஒன்றை அழுத்திக் காட்டினார்.

"தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்" என்றது ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிதானமாக.

பேசினால் என்ன, இரண்டு வார்த்தை வருவதற்குள் மாமா கழியைத் தூக்கிவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன். யூனிட்டில் கழித்துப் போட்ட டப்பா ஒன்றுக்குள் சர்க்யூட்டையும் பேட்டரியையும் அடைத்து, இரண்டு ஸ்க்ரூவும் மூடிமேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மூடியைச் சுற்றிப் பசை தடவி, அடியில் ஈயம் கட்டினேன். கையடக்கத் தக்கை என்று நோட்டில் எழுதியிருந்தேன். முடிந்தபோது அது ஒரு சொம்பு அளவுக்கு இருந்தது. (ஆனாலும் ஈயத்தைச் சரியாகக் கட்டி, மீன் லேசாக இழுத்தாலே முங்கும்படி செய்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.)

பின்கட்டில் இருந்த நீல ட்ரம்மில், மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில், இருபது முறை சோதித்தேன். நூலைப் பிடித்துக் கீழே இழுத்தால் பேசியது. விட்டால் மேலே வந்து வாயை மூடிக்கொண்டது. மாமா ட்ரம்முக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகக் கழியைத் தூக்கினார். "ஸ்டெல்லா, நீ சாதாரண ஆள் இல்ல" என்றார். பிறந்த வீட்டில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூவரும் போனோம். கம்பெனியில் காட்டுவதற்காக ஒரு தக்கை செய்திருக்கிறேன் என்று ராஜாவிடம் சொல்லியிருந்தேன். அவர் பெண்டாட்டியின் சாமர்த்தியத்தைப் பார்க்க லீவு நாளில் எழுந்து வந்தார், பாவம். தூண்டில் வளைவில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கிரேன் மணி மாமாவுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்.

"இன்னா சேவியரு, குக்கரு கட்டிக்கினு வந்துட்ட?" என்றார்.

மாமா பதில் சொல்லாமல் கழியை வீசினார். தக்கை தண்ணீரில் பொத்தென்று விழுந்து, ஒரு முறை முங்கி, மேலே வந்து நின்றது.

"தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்."

மாமா சட்டென்று தூக்கினார். மீன் இல்லை. தக்கை அந்தரத்தில் ஆடிக்கொண்டே மறுபடி தொட்டி நிரம்பிவிட்டது என்றது. என் முந்தானையால் ஸ்க்ரூவைத் துடைத்தேன், நின்றது. மறுபடி வீசினார். விழுந்த நொடியிலேயே பேச ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை.

நின்றிருக்காது. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. உப்புத் தண்ணீர் மெட்ரோ வாட்டரைவிடப் பல மடங்கு நன்றாகக் கரண்ட்டைக் கடத்தும். இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு பொட்டு ஈரம் ஒட்டியிருந்தாலே போதும், அந்தப் பெண்மணி பேசிக்கொண்டேயிருப்பாள். இது பள்ளிக்கூடப் பாடம். வாசலில் காயப் போட்ட துணியே உப்புப் பூத்துப் போகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலில் மிதக்கப் போகிற ஒரு சாமானைச் செய்தபோது உப்பைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

பாறை முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் வூட்டு மோட்டாருபா அது?"

"கடலு ரொம்பிட்ச்சாம், போய் ஆஃப் பண்ணிட்டு வா."

ரோட்டில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி வந்தார். இறாலை முள்ளில் கோத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் விரலில் குத்திக்கொண்டார். ராஜா என்னைப் பார்த்தார். நான் தொடுவானத்தைப் பார்த்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். மாமா வெட்கத்தில் கழியை வேகமாக இழுக்க, நரம்பு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. தக்கை ஐந்தாறு அடி தள்ளி நின்றுகொண்டு விடாமல் பேசியது. அதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று மாமா எழுந்து, நரம்பைத் தடவிக்கொண்டே முன்னால் போனார். எதிரில் இரண்டு பாறைக்கு நடுவே ஆள் இறங்குகிற அளவுக்கு இடைவெளி. அது அவருக்குத் தெரியவில்லை. "மாமா, நில்லுங்க" என்று நான் சொல்வதற்குள் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டார்.

ராஜாவும் கிரேன் மணியும் பாய்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முட்டியில் சிராய்ப்பு, ஒரு செருப்பு கடலில். வேறொன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்கு நன்றி.

"இன்னா நைனா, எதிர்ல இம்மாம் பெரிய பள்ளம் கீது, தெர்லயா?" என்றார் ராஜா.

தக்கைதான் முந்திக்கொண்டு தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும் என்றது.

"மாமாவுக்குக் கண்ணு சரியா தெரியலைங்க" என்றேன். அப்படியே அந்தப் பள்ளத்தில் நானும் இறங்கிவிடலாமா என்றிருந்தது. யாரிடம் சொல்லாதே என்றாரோ அவரிடமே, நாற்பது பேர் கேட்க, சொல்லிவிட்டேன்.

முதலில் வாயைத் திறந்தவர் கிரேன் மணி.

"அது எங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றார் சாவகாசமாக. "ரெண்டு வருசமா நான் இன்னாத்துக்கு இருமிக்கினு கீறன்னு நென்ச்ச? உன் தக்க முங்கும், நான் இருமுவேன், நீ தூக்குவ."

மாமா அவர் பக்கம் திரும்பினார். "நரம்புல கை வெச்சிப் பார்த்து நான்தான் தூக்கறன்னு நென்ச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"கையும் வெச்ச. நானும் இருமுனேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இருபது நாள் உட்கார்ந்து கண்டுபிடித்த கருவி அந்தப் பாறையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. முங்கினால் சத்தம் போடும், உப்பில் கெட்டுப் போகாது, பேட்டரி கேட்காது. மாமா ஈர வேட்டியோடு எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், ஒற்றைச் செருப்போடு ரோட்டைப் பார்த்து நடந்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நான் அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு மனுஷனின் மானத்தைக் கடலில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

(தக்கை நரம்பை அறுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது. முகத்துவாரக்குப்பத்தில் ஒருவர் வலையை இழுத்தபோது உள்ளேயிருந்து பொம்பளை பேசியதாகவும், அவர் வலையைப் போட்டுவிட்டு ஓடியதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டோம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.)

மூன்றாம் நாள் கிரேன் மணி வீட்டுக்கு வந்தார். சாத்தின கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"சேவியரு, ஆப்ரேசன் பண்ணிக்க. இருமி இருமி எனக்குத் தொண்ட புண்ணாயிட்ச்சி. இனிமே நம்மளால ஆவாது."

கதவு திறக்கவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்து, பேப்பரைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மாமா கதவைத் திறந்து, "இன்னிக்கே போலாமா?" என்றார். ஆபரேஷன் ஆனால் பாறைக்குப் போகலாம் என்று ராஜாவிடம் முதலில் வாக்கு வாங்கிக்கொண்டுதான் சட்டையைப் போட்டார்.

முதல் கண்ணுக்குக் கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியில் நானும் ராஜாவும் எதிரில் நின்றோம். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். ராஜாவைப் பார்த்து, "இன்னாடா, காதோரம் நரைச்சிட்ச்சி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதான் நீயா?" என்றார்.

இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"அப்ப என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, லட்சணமா கீதுன்னு எங்கப்பா கிட்ட சொன்னீங்களே மாமா?"

"மொகம் எங்கம்மா தெரிஞ்சிது? ஒரு பச்சப் பொடவ வந்து நின்னுச்சி, அவ்ளோதான். காபி குட்த்துட்டு, டம்ளர் சுடுது மாமா, ஓரமா புடிங்கன்னு மெதுவா சொன்ன. எனக்கு அந்தக் கொரல் போதும்னு பட்டுச்சி."

இன்றைக்கும் குழம்பு தீய்ந்துபோனால், நான் பைக்கைக் கேட்டில் இடித்தால், புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கிறேன் என்று நோட்டை எடுத்தால், ராஜா ஆரம்பித்துவிடுவார். "கண்ணு தெரியாத ஆளை அனுப்பிப் பொண்ணு எட்த்தா இப்டித்தான்" என்பார். மாமா டிவியிலிருந்து தலையைத் திருப்பக்கூட மாட்டார்.

"காது நல்லாத்தான்டா கேட்டுச்சி" என்பார்.