சம்பந்தி வீட்டு அமாவாசை

சம்பந்தி வீட்டுக்குப் போய் வருவதை ஒரு தவமாகவே செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். ஜப்பான்காரன் காலம் முழுவதும் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். அந்தத் தவத்தில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னைப் பிடித்த பயம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யாருக்கும் ஆள் விளங்காது. பெண் கொடுத்தவர், எடுத்தவர், கல்யாணமே ஆகாத நான் என்று எல்லாருக்கும் அவர் சம்பந்திதான். நேரில் கூப்பிடும்போது மட்டும் நான் மாமா என்பேன்.

நாகப்பட்டினத்துக்காரர். மகள் செல்லத்தைக் காஜாங்கைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவளை முதல் தடவையாகப் பார்க்க, டிரங்குப் பெட்டி நிறையச் சீரோடு கப்பலில் வந்து இறங்கினார். தங்கியது மகள் வீட்டில் அல்ல, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில். அப்பாவும் அவரும் ஒரே ஊர்.

“பேரனோ பேத்தியோ பொறக்கற வரைக்கும் பொண்ணு குடுத்த வீட்ல கை நனைக்கக் கூடாது. தங்கினா நனைச்சுத்தானே ஆகணும்?” என்றார்.

சொன்னபடி செய்தார். தோட்டத்துக்குப் போனார். மாப்பிள்ளையின் அம்மா ‘வாங்க சம்பந்தி’ என்று கூப்பிடும் வரை படியேறாமல் வெயிலில் நின்றார். செருப்பைத் தெருவைப் பார்த்துக் கழற்றி வைத்தார். பெஞ்சியின் நுனியில் உட்கார்ந்து காப்பியை மறுத்தார், மோரை மறுத்தார், தண்ணீரையும் மறுத்தார். திரும்பும் வழியில் காஜாங் ஸ்டேஷனில் மயங்கி விழுந்தார். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “இது சம்பந்தி வீட்டுத் தண்ணி இல்லியே?”

சண்டை தொடங்கிய சமயத்தில் ஊர் திரும்புவதாக முடிவாயிற்று. தோட்டத்துக்குப் போய் முறைப்படி சொல்லிக்கொண்டு வந்தார். கிள்ளானுக்குப் போய்க் கப்பலேற எங்கள் வாசலைத் தாண்டும்போது அப்பா தும்மினார். ஒற்றைத் தும்மல். சம்பந்தி உள்ளே திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, அடுத்த நல்ல நேரத்துக்காக உட்கார்ந்துகொண்டார். கப்பலுக்கு அந்தப் பொறுமை இல்லை. பிறகுதான் கேள்விப்பட்டோம், நடுக்கடலில் குண்டு விழுந்து அந்தக் கப்பல் மூழ்கிவிட்டதாம். தன் ஜலதோஷம் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று அப்பா கடைசி வரை பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

“தோட்டத்துக்குப் போயி, உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார்.

“போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தாச்சு. மறுபடி எந்த மூஞ்சியோட போறது? சீரோட போனா விருந்தாளி. வெறுங்கையோட போனா அகதி.”

ஆள் அனுப்பவும் விடவில்லை. சீர் சேர்ந்ததும் தானே போவாராம். ஜப்பான்காரன் காலத்தில் சீருக்கு எங்கே போவது? அரிசி கிடையாது, துணி கிடையாது, தீப்பெட்டி கிடையாது. இந்த மனிதர் நாள் தவறாமல் பாசாருக்குப் போய் சம்பந்திக்கு ஏற்ற பொருள் தேடினார். கிழங்கு மலிவாகக் கிடைத்தது. கிழங்கு சீராகுமா என்றார். நல்ல குடை ஒன்று கிடைத்தது. கறுப்பு ஆகாது என்றார். அரிவாள்மணை கிடைத்தது, உறவு அறுந்து போகும் என்றார். எங்கிருந்தோ வெள்ளைக்காரன் காலத்து வாசனைச் சவுக்காரம் ஒரு கட்டி கொண்டுவந்தார். நாங்கள் செம்பனை எண்ணெய்ச் சவுக்காரம் போட்டு உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்த காலம் அது. அம்மா அந்தக் கட்டியைப் பார்த்த பார்வையில் ஏக்கம் சொட்டியது. முகர்ந்து பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. வாரம் ஒரு சீப்பு வாழைப்பழமும் சீருக்கென்று வாங்குவார். சீர் முழுமையாகாமல் பழம் கனிந்துவிடும். அதை நாங்கள் சாப்பிடுவோம். அவருடைய ஆசாரத்தால் எங்கள் குடும்பம் அடைந்த ஒரே லாபம் அதுதான்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் தோட்டங்களிலிருந்து ஆட்களை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த எனக்கு அது வெறும் பேச்சு இல்லை. அடைத்த பெட்டிகளில் ஆட்கள் வடக்கே போவதைக் கண்ணால் பார்த்தேன். அத்தனை பேர் இருந்தும் உள்ளேயிருந்து பேச்சுக் குரலே வராது. ஒருநாள் இதை வீட்டில் சொன்னேன். சம்பந்தி எழுந்து உள்ளே போனார். சவுக்காரத்தை எடுத்துப் பட்டுக் காகிதத்தில் சுற்றினார்.

“நாளைக்கு நிறைஞ்ச அமாவாசை. கிளம்பலாம்” என்றார்.

என் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் டயர் கிடையாது. ரப்பர்க் கட்டியை வெட்டி மாட்டியிருந்தோம். பின்னால் சம்பந்தி, மடியில் கூடை, கூடைக்குள் சவுக்காரம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு தூக்கில் அம்மா செய்த கிழங்குப் பணியாரம். வழியில் ஜப்பான் சோல்ஜர் ஒருவன் நிறுத்தினான். இருவரும் இடுப்பு வரை குனிந்தோம். அவன் சவுக்காரத்தை எடுத்து முகர்ந்தான்.

“அது சம்பந்தியம்மாவுக்கு” என்றார் இவர், சுத்தத் தமிழில்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சவுக்காரம் கூடைக்குள் இருந்தது. ஏன் திருப்பிக் கொடுத்தான் என்று இன்றுவரை தெரியாது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் என் கால் பெடலில் ஓட மறுத்தது. பால் வெட்டி வெகுநாளாகியிருந்தது. மரத்தடிக் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன. தொழிலாளர் குடியிருந்த லயம் நீளத்துக்கும் கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டு வாசலில் பாதி பின்னிய கூடை, இன்னொன்றில் ஒற்றைச் செருப்பு. நாய்கூடக் குரைக்கவில்லை. உச்சி வெயில் நேரம். மர நிழலில் எங்கள் நிழல்கூடக் கீழே விழவில்லை.

கிராணி வீடு லயத்துக்கு அப்பால் தனியாக இருந்தது. அதன் கதவு மட்டும் சாத்தியிருந்தது. சம்பந்தி முகத்தைத் துடைத்து, திருநீறு இட்டு, அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டார். செருப்பைத் தெருவைப் பார்த்துக் கழற்றினார். படிக்குக் கீழே நின்று தொண்டையைக் கனைத்தார்.

“வீட்ல யாரு? சம்பந்தியம்மா, நான்தான் வந்திருக்கேன்.”

சத்தமே இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு சிரித்த முகத்தோடு, “இருக்கட்டும், இருக்கட்டும். காப்பியெல்லாம் வேணாம். இப்பத்தான் சாப்பிட்டேன்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். “மாமா, யார்கிட்ட பேசுறீங்க?”

“அவங்க கேக்க வேண்டியதைக் கேக்கலேன்னாலும் நாம சொல்ல வேண்டியதைச் சொல்லணும் இல்லியா?” என்று என்னை அடக்கிவிட்டு, மூடிய கதவிடம் மாப்பிள்ளையின் சௌக்கியம் கேட்டார்.

நான் பக்கவாட்டில் போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே இருட்டு. உத்தரத்திலிருந்து ஒரு புடவை கனமாகத் தொங்கியது. காற்றே இல்லை. அந்தப் புடவை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். “வாங்க மாமா, போயிரலாம்லா” என்று கெஞ்சினேன். அவர் கூடையையும் தூக்கையும் படியில் வைத்தார். கூப்பிடாததால் படியேறவில்லை. “அப்ப நான் போயிட்டு வரேன்” என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அப்பா, அம்மாவிடம் சொன்னேன். தூக்கு மாட்டிக்கொண்டது செல்லம்தான் என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அந்த மாதம் முழுக்கச் சம்பந்தி அடுத்த தடவைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பதும், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாகப் போயிற்று. மகள் உயிரோடிருக்கிறாள் என்று நம்பியது எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

அடுத்த அமாவாசைக்கும் கிளம்பினார். நான் மாட்டேன் என்றேன். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “எப்பவாவது ஒருநாள் அவருக்குத் தெரியத்தான் போவுது. அப்ப அவர் தனியா நிக்கக் கூடாதுடா” என்றார். சைக்கிளை எடுத்தேன்.

இந்தத் தடவை படியில் விளக்கு எரிந்தது.

பட்டப்பகலில், ஆளில்லாத தோட்டத்தில், ஒரு சின்ன அகல் அசையாமல் நின்று எரிந்தது. அதன் முன்னால் தலைவாழை இலை. இலையில் அவித்த மரவள்ளி, கொஞ்சம் கருப்பட்டி. பக்கத்தில் எங்கள் தூக்கு, சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்த்து வைத்திருந்தது. சம்பந்தி அதைத்தான் முதலில் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பிடி உப்பு.

“பாத்தியா தம்பி? பாத்திரம் வெறுமையா வரலே. மரியாதை தெரிஞ்ச வீடு!”

பிறகுதான் இலையைக் கவனித்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “இது... படையல் இல்லியா? யாருக்கு?”

இலையின் ஓரத்தில் பழைய மூக்குப்பொடி டப்பி ஒன்று இருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “என் டப்பிடா. ஊருக்குப் போறப்ப சொல்லிக்க வந்தேனே, அன்னிக்கு இங்கே மறந்து வச்சிட்டுப் போனது.”

அமாவாசை. படையல். செத்தவருக்குப் பிடித்த பொருள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “மாமா, அந்தக் கப்பல் மூழ்கின சேதி இவங்களுக்கும் வந்திருக்கும். செத்தது... நீங்கதான்.”

அவர் வேட்டியைக் கணுக்கால் வரை தூக்கித் தன் கால்களைப் பார்த்தார். தரையில் பாவியிருக்கிறதா என்று நானும் குனிந்து பார்த்தேன். பாவித்தான் இருந்தது.

எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமாவாசை அன்றைக்கு வந்து வாசலில் நிற்பவர், கூப்பிட்டாலொழியப் படியேறாதவர், ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாதவர். சம்பந்திக்குரிய மரியாதை என்று அவர் காப்பாற்றியதெல்லாம் அப்படியே பேயின் லட்சணம். மறைந்திருந்து பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

“செல்லம்! அம்மா செல்லம்!” என்று கத்தினார். வீட்டுக்குப் பின்னால் புதர் ஒன்று அசைந்து நின்றது. யாரும் வரவில்லை. அவர் குரல் உடைந்துவிட்டது. “பயப்படுறாடா. பெத்த அப்பனைப் பாத்துப் பயப்படுறா.”

“சாப்பிடுங்க மாமா! செத்தவங்க சாப்பிட மாட்டாங்க. இலையில உக்காந்து சாப்பிடுங்க!”

“சம்பந்தி வீட்ல கை நனைக்கச் சொல்றியா?”

கேட்டாரே தவிர, என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மயக்கம் போட்டு விழுந்தபோதும் விடாத ஆசாரத்தை விட்டுவிட்டு, மரவள்ளியைப் பிய்த்து வாயில் போட்டார். அழுதுகொண்டே மென்றார், அவசரமாக விழுங்கினார். காய்ந்த கிழங்கு தொண்டையில் நின்றுகொண்டது. விக்கல் எடுத்தது. கண் பிதுங்க, நெஞ்சைத் தட்டிக்கொண்டு விக்கினார்.

“அப்பா, தண்ணி குடிங்க!” என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது.

தண்ணீர்ச் செம்போடு செல்லம் ஓடி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. உள்ளே ஆடிய புடவை அந்தக் குழந்தையின் தூளி. மாப்பிள்ளையை லோரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மாமியாரும் மருமகளும் மனிதக் காலடி கேட்டாலே புதருக்குள் ஓடிப் பதுங்கியிருக்கிறார்கள். போன தடவை நான் பார்த்தபோது, தூளியிலிருந்து அப்போதுதான் குழந்தையை வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறாள். அடியில் கிடந்த மெத்தைத் துணியின் கனத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சம்பந்தியைப் பேய் என்று நினைத்ததாவது பரவாயில்லை. பட்டினியில் கன்னம் ஒட்டிப்போயிருந்த என்னை எமதூதன் என்று முடிவு செய்திருந்தார்களாம்.

சம்பந்தி குழந்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “இவன் எப்பம்மா பொறந்தான்?”

“தைக்கு முன்னாடியே, அப்பா.”

“அப்ப நான் போன அமாவாசையே சாப்பிட்டிருக்கலாமேடி!” என்று அவளிடம் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தார். புதர் ஓரத்தில் நின்ற சம்பந்தியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நடுங்கும் குரலில், “வாங்க சம்பந்தி” என்றார். அதன் பிறகுதான் சம்பந்தி படியேறினார்.

மூவரையும் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்தோம். சண்டை முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது அப்பா அவருக்கு இடம் பிடிக்கப் பார்த்தார். மாப்பிள்ளை சயாமிலிருந்து வரும்போது வாசலில் நின்று கூப்பிட ஆம்பிளை ஒருத்தர் வேண்டாமா என்று சொல்லிச் சம்பந்தி மறுத்துவிட்டார். மாப்பிள்ளை வரவில்லை. இவரும் ஊருக்குப் போகவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போய் வரும் வரைக்கும் இருந்து, எங்கள் தெருவிலேயே கண்ணை மூடினார்.

பின்னால் எனக்கும் கல்யாணமாயிற்று. மாமனார் தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் வீட்டு விருந்தில் உட்காரும்போதெல்லாம், எதிர்வரிசையில் சம்பந்தி இருக்கமாட்டாரா என்று என் கண் ஒருமுறை தேடிவிட்டுத்தான் இலைக்குத் திரும்பும்.