டம்ளர் பாய் வளர்த்த எருமைக்கன்று

கன்றுக்கு வைக்கும் தீவனத்தை முதலில் தன் வாயில் போட்டு ருசி பார்க்கிற மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கருங்குழியில் டீக்கடை வைத்திருக்கும் டம்ளர் பாய். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர். டீயும் அதில்தான், தவிடும் அதில்தான். கழுவினாரா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

நான் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஒரே ஒரு எருமை. அதன் பாலை வாங்குபவர் பாய்தான். போன வருடம் அது கிடாரிக்கன்று ஈன்றது. இரண்டு மாதம் ஆனதும் எனக்குள் இருந்த சிக்கனக்காரன் விழித்துக்கொண்டான். கன்றுக்குப் போகிற பாலை ஒரே நாளில் நிறுத்தினேன். பதிலுக்கு, பொத்தேரியில் ஹாஸ்டல் சமையல்காரனாக இருக்கும் என் மைத்துனன் கொண்டுவந்த மீந்த சோறு ஒரு வாளி. பசியில் கன்று வாளியைக் காலி செய்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை கன்றின் இடது வயிறு பானைபோல உப்பியிருந்தது. மூச்சு இழுத்தது. எழுந்து நிற்க முடியவில்லை. பால் வாங்க வந்த பாய் பார்த்தார்.

"இன்னா துன்னக் குடுத்த?"

"சோறு, பாய். சும்மா கெடச்சுது."

"பால்குடிக்கு பந்தியே போட்டுகீற, வாத்யாரே. டாக்டருக்கு போன் போடு."

டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை பாய் சாணியில் உட்கார்ந்து, கன்று பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் தன் மார்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்றின் கண் சொருகும்போதெல்லாம் பாய் அதட்டினார்.

"கண்ணத் தொற. வாத்யாரு கிளாஸ்னு நெனச்சி தூங்கினுகீற."

டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றினார், மருந்து கொடுத்தார். அசைபோட ஆரம்பித்தால்தான் பிழைப்பது நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் அன்று கடையே திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கன்றின் தாடை ஒரு தடவை பக்கவாட்டில் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அதன்பிறகு பாயின் ராஜ்ஜியம். மக்காச்சோள மாவு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு எல்லாம் கலந்து, ஒரு சிட்டிகை வாயில் போட்டு, "உப்பு கம்மி" என்பார்.

"பால் மெதுவா எறங்கணும், இது மெதுவா ஏறணும். மூணு நாள் சேந்தாப்ல தெனம் நாலு டம்ளர் துன்னா அப்பறம் பால நிறுத்து. அதான் சிக்கனம்."

"அதுவரைக்கும் உங்க கடைக்குப் பால் குறையுமே?"

"பிளாக் டீ போட்டுக்கிறேன். நீ கம்முனு இரு."

இரண்டு தடவை மூன்றாம் நாளில் கன்று ஒரு பிடி மிச்சம் வைத்தது. பாய் இரக்கமே இல்லாமல் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ணினார். அடுத்த தடவை, மூன்றாம் நாள், நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம். கன்று தொட்டியை நக்கித் துடைத்தது. பாய் தொட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார்.

"பால நிறுத்திடு. இனிமே எனக்கு இங்க வேல இல்ல. கடைக்கு வேண்டிய பால நீயே கொண்டாந்து குடு."

கன்று நான்கே நாளில் பாலை மறந்துவிட்டது. பாயால்தான் முடியவில்லை. இப்போதும் காலை ஆறு மணிக்கு, டம்ளரை இங்கே வைத்துவிட்டேனா என்று தேடி வருகிறார். டம்ளர் அவர் சட்டைப் பையில் பளபளக்கிறது. அதை நான் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.