ஆறு கியர் வண்டியின் அடிவயிற்றுச் சத்தம்

சத்தத்தைச் செய்து விற்றுச் சாப்பிடுகிற ஊர் சிவகாசி. இங்கே யாரிடமும் போய், "இது என்ன சத்தம்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. எல்லோரும் பதில் சொல்வார்கள். ஒருவருக்கும் சந்தேகம் என்பதே இருக்காது. இந்த ஊரில் காலண்டர் அச்சகம் வைத்துக்கொண்டு, ஆனி, ஆடி இரண்டு மாதமும் இந்த ஒரே கேள்வியைக் கேட்டு அலைந்தவன் நான். ஆடிப்பெருக்குக்கு, வியாபாரிகளிடம் காட்டும் மாதிரிகளைக் கோத்த புது காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும். ஊரே அந்த அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ கை சோற்றுத் தட்டில், காது வாசலில் நிற்கும் காரில்.

கார் பழையதுதான். ஆனால் பந்தயத்துக்கென்று வேகம் ஏற்றி வைத்த வண்டி. மிதித்தால் முதுகைச் சீட்டோடு ஒட்ட வைத்துவிடும். அந்த வேகம் தாங்காமல் கம்பெனி போட்ட கியர்பாக்ஸ் பல்லெல்லாம் கொட்டிப்போனது. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லி, ஆறு கியர் உள்ள வேறு கியர்பாக்ஸ் ஒன்றை வரவழைத்தேன். (இந்த ஊரில் ஆறாவது கியர் போட ரோடு எங்கே இருக்கிறது என்று என் மனைவி மகேஸ்வரி கேட்டாள். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.)

"இதுல பல்லெல்லாம் நேரா வெட்டுனதுங்க. கொஞ்சம் பாடத்தானுங்க செய்யும், பயந்துக்காதீங்க" என்று கோயம்புத்தூர்க்காரர் போனில் சொன்னார்.

மெக்கானிக் ஜெயபால் அதை மாட்டிக் கொடுத்தார். ஜெயபாலிடம் ஒரு பெரிய குணம், கழற்றியது எதையும் மிச்சம் வைக்க மாட்டார். ஒரு வாஷர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போகும். புது கியர்பாக்ஸ் முதல் நாள் அழகாகப் பாடியது. நானும் கூடச் சேர்ந்து பாடினேன்.

இரண்டே நாள்தான். அதற்குள் என் மாமனாரின் ஸ்கூட்டர் படுத்துக்கொண்டது. அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அடுத்த தெருவில்தான் வீடு. 'நானே தினமும் கொண்டுபோய் விடுகிறேன் மாமா' என்று முந்திக்கொண்டு சொன்னேன். (உதவி என்று நினைக்க வேண்டாம். வண்டியைக் காட்ட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.) மாமாவுக்கு உலகத்தில் ஒரே எதிரி தீப்பொறி. கம்பெனியில் இரும்புச் சாமானைக் கண்டால் பிடுங்கி எறிவார், எல்லாம் பித்தளை அல்லது மரம்தான். ஷெட்டுக்குள் போகுமுன் உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று வாசல் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போய்ப் பழகியவர், என் வீட்டுக்கு வந்தாலும் கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவரை ஏற்ற ஆரம்பித்த சில நாட்களில் அந்தச் சத்தம் வந்தது. கிர்ர்ர்ர்ர். கியர் லீவருக்கு நேர் கீழே. பாட்டு இல்லை, பல்லைக் கடிக்கிற சத்தம்.

"மாமா, கேக்குதா?"

மாமா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தப்பாக் கேக்கலயே மாப்ளே."

வெடிச்சத்தம் கேட்டே பழகிய காது என்று மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி இன்ஜினை உறுமவிட்டால் சத்தம் இல்லை. ஓடும்போது கிளட்சை மிதித்தாலும் சத்தம் போகவில்லை. எந்தக் கியரில் போட்டாலும் அதே சத்தம். இன்ஜின் வேகத்தோடு அது ஏறவில்லை, வண்டி வேகத்தோடுதான் ஏறியது. அப்படியென்றால் கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டு, அதைத் தாங்கும் பேரிங். இதைக் கண்டுபிடித்த நிமிடம் நான் அடைந்த கர்வம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு பெரிய ஆல்பமே போட்டிருக்கலாம். வாட்ஸப் குழுவில் சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன். பேரிங் என்று நாலு பேர் சொன்னார்கள். திருஷ்டி என்று ஒருவர் சொன்னார்.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. கம்பெனிக்குத் திரும்பும் மண் பாதையில் மட்டும் சத்தம் அடங்கிவிடும். தார் ரோடு ஏறியதும் மறுபடி கிர்ர்ர். மெதுவாகப் போனால் பேரிங்குக்குச் சுமை குறையும் என்று நானே ஒரு காரணம் தயாரித்து அதையும் நம்பிவிட்டேன். ஜெயபால் வண்டியைத் தூக்கி நிறுத்தி சக்கரத்தைச் சுற்றவிட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"லோடு இல்லாம சுத்துதுல்லா, அதான் வரல" என்றார். எனக்கு அது வேதவாக்கு.

கியர்பாக்ஸை இறக்கி, பேரிங்கை மாற்றி, மறுபடி ஏற்றினார். சத்தம் முன்னைவிடக் கூடிவிட்டது. திரும்ப இறக்கினோம், எண்ணெயை மாற்றினோம், திரும்ப ஏற்றினோம். குறையவே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆல்பத்தில் முருகன் படத்துக்குக் கீழே விநாயகர் சதுர்த்தி வாழ்த்து அச்சாகிப் போனது. பிள்ளை தூங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு சாத்தூர் ரோட்டில் ஒரு ஓட்டம். பிள்ளை அழுதால் அது கேட்காமலிருக்க இன்னொரு ஓட்டம். மாமியார் வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. பூஜை அறையில் தூக்கு விளக்கு தரையில் கிடக்க, அத்தை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்துக்கொண்டிருப்பார்.

"இங்கன தொங்குன பித்தளைச் சங்கிலிய யாரும் பாத்தீகளா? அம்புட்டு நீளச் சங்கிலி, எப்படிக் காணாமப் போவும்?"

ஆளுக்கு ஒரு தேடல் என்று நினைத்துக்கொண்டு நான் பேரிங் கனவில் சோறு தின்பேன்.

ஒரு நாள் மகேஸ்வரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல பிள்ளைக்கு முடி எடுக்கோம். அன்னைக்கு வண்டி சத்தமில்லாமப் போகணும். இல்ல, வர்ற வழியில சாத்தூர் அண்ணன்கிட்ட சாவியக் குடுத்திட்டு பஸ்ஸுல வந்திருவோம். அவுகளும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

"நிச்சயம் நின்னுரும்" என்றேன். மனதுக்குள் அழுதேன். அந்த வண்டி இல்லாத வாசலை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மகேஸ்வரி, பிள்ளை, மாமா, அத்தை, பொங்கல் பானை, விறகு, எல்லாம் ஏற்றியதில் வண்டி தாழ்ந்து உட்கார்ந்தது. சத்தம் கிர்ர்ர் என்பதைத் தாண்டி, கரகரவென்று உரலைத் தெருவில் இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது. இருக்கன்குடி ரோட்டில் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக நடந்து போன சனமெல்லாம் திரும்பிப் பார்த்து ஒதுங்கியது. "ஏலே, ஒதுங்குங்கலே, என்னமோ உருண்டு வருது" என்று ஒருவர் தன் கூட்டத்தை ஓரம் கட்டினார்.

முடி எடுத்தாயிற்று, பொங்கல் வைத்தாயிற்று. அம்மனிடம் எல்லோரும் பிள்ளைக்காக வேண்டினார்கள். நான் பின்பக்கத் தண்டுக்காக வேண்டினேன். வெளியே வந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியைத் தள்ளவைத்தால், அப்போதும் சத்தம் வந்தால், கியர்பாக்ஸின் பின்பக்கம்தான் என்று மறுக்க முடியாதபடி நிரூபணம் ஆகிவிடும். மகேஸ்வரியைச் சமாதானப்படுத்த ஒரு நிரூபணமாவது கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. (நோய் எது என்று சொன்னால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று நம்புகிற சாதி நான்.)

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க. அத்தை, நீங்களும் ஒரு கை குடுங்க."

பட்டுச் சேலையில் அத்தை, சந்தனம் பூசிய மொட்டைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகேஸ்வரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா. வண்டி கிளம்பவில்லையோ என்று பக்தர்கள் பத்துப் பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். "ஓம் சக்தி! பராசக்தி!" வண்டி நகர்ந்தது. நான் கியர் லீவரின் உறையைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் சீட்டில் குப்புறச் சரிந்து, அந்த ஓட்டையில் காதை வைத்தேன். இன்ஜின் ஓடவில்லை. ஆனால் சத்தம், மெல்லியதாக, தெளிவாக, கிர்ர்ர்.

"இருக்கு! இருக்கு! பின்னாடித் தண்டுதான்!" என்று கத்தினேன்.

என்னமோ அருள் வந்துவிட்டது என்று நினைத்த பக்தர்கள் இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். எனக்கு ரோடு தெரியவில்லை, காது மட்டும்தான் விழித்திருந்தது. நிமிர்ந்தபோது வண்டி ஒரு பொரிகடலைக் கடைக்குள் மெத்தென்று நுழைந்து நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் பொரி. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை. கடைக்கார அம்மாள் பொரிக் குவியலுக்கு நடுவில் நின்றபடி என்னைப் பார்த்து, "சாமி வந்தா கோயிலுக்குள்ள ஆடணும்லே, கடைக்குள்ள என்ன ஆட்டம்?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தப் பொரிக்குள்ளேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

மகேஸ்வரி திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். "சாவியக் குடுங்க."

சாத்தூரில் அவள் பெரியப்பா மகன் முருகேசன் மச்சான் வீட்டு வாசலில், குங்குமப் பிரசாதத்தோடு சேர்த்து சாவியை அவர் கையில் கொடுத்தாள். நான் வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு, முன் சீட்டில் இருந்த அத்தைக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, வண்டிய விட்டீக, சரி. அந்தச் சங்கிலியக் கழட்டுனீகளா?"

"எந்தச் சங்கிலி மாமா?"

"அதான், கீள கியர்பாக்ஸ்கிட்ட கட்டியிருக்கேன்லா. நம்ம கம்பெனி வாசல் வரைக்கும் வண்டி வருது, கரண்டு மண்ணுல எறங்கணும்லா? பெட்ரோல் லோடு வண்டிக்கெல்லாம் தொங்கும் பாத்தீகள்ல. இரும்புன்னா பொறி பறக்கும், அதான் பித்தளையில போட்டேன். உங்க அத்தை விளக்குச் சங்கிலி. சொல்லிராதீக."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் இரண்டு மாதம், இரண்டு முறை இறங்கி ஏறிய கியர்பாக்ஸ், பின்பக்கத் தண்டு, எல்லாம் ரோட்டில் இழுபட்டு வருவது போல் இருந்தது.

"தார் ரோட்டுல உரசுற சத்தம் உங்களுக்குக் கேக்கலயா மாமா?"

"கேட்டுச்சே. அது சங்கிலிச் சத்தம்லா, நல்ல சத்தம். நீங்க கியர்பாக்ஸ் சத்தம் கேக்குதான்னுல்ல கேட்டீக? நானும் அதத்தான் அம்புட்டு நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்."

அத்தை இருக்கிறார் என்பதையும் மறந்து முருகேசன் மச்சானுக்குப் போன் போட்டேன். "மச்சான், வண்டியில ஒரு குறையும் இல்ல, திருப்பிக் குடுத்திருங்க, அது சங்கிலி..."

"ஆமா மாப்ளே, வண்டிய வீட்டுக்குள்ள ஏத்துறப்ப சங்கிலி படியில தட்டுச்சு, கழட்டி வச்சிட்டேன். இப்ப கம்முனு போகுது! என்னத்தத் திருப்பி? டயருக்குக் கீள எலுமிச்சம்பளம் வச்சு ஏத்தியாச்சே."

எலுமிச்சம்பழம் நசுங்கிய வண்டியைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. முன் சீட்டிலிருந்து அத்தை மெதுவாகத் திரும்பினார். "எந்தச் சங்கிலி?" என்றார். மாமா அவசரமாக சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

மறுநாள் ஜெயபாலிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "ஆமா, ரெண்டு தடவையும் கழட்டி, துடைச்சு, அங்கனயே மாட்டுனேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போற வண்டிக்கு அது இல்லாம எப்படி? மொதல்ல கொஞ்சம் தூக்கலா, பட்டும் படாமயும் இருந்துச்சு. நல்லாத் தரையில படணுமேன்னு நான்தான் ஒரு கண்ணி எறக்கி விட்டேன்" என்றார். பேரிங் மாற்றியபின் சத்தம் ஏன் கூடியது என்று அப்போதுதான் விளங்கியது.

முருகேசன் மச்சான் அந்தத் தீபாவளிக்கு அதே வண்டியில், ஒரு கிர்ர்ர்கூட இல்லாமல் வந்து இறங்கி, சங்கிலியை ஒப்படைத்தார். இப்போதும் வருடம் தவறாமல் அப்படியே வருகிறார். நான் தெரு முனை வரை போய் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு கியரும் பாடும், நேர்ப்பல் சுத்தமாகப் பாடும்.

அத்தை அந்தச் சங்கிலியைப் புளி போட்டுத் தேய்த்து விளக்கில் மாட்டினார். மண்ணிலும் தாரிலும் தேய்ந்த கடைசிக் கண்ணிகள் மெலிந்து போனதால் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் தொங்குகிறது. வேறு சங்கிலி வாங்க அவர் சம்மதிக்கவில்லை, மருமகன் நினைவாக இருக்கட்டுமாம். அன்று மொட்டையடித்த என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஆச்சியோடு விளக்கேற்றுவது அவள் வேலை. ஏற்றி முடித்ததும், தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னிடம் கத்திச் சொல்வாள்.

"அப்பா, கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஊத்தியாச்சு!"