பலகை மேல் குற்றமில்லை

நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குதிக்க மட்டும்தான் தெரியும். தைரியமாகச் சொல்கிறேன், அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். பம்புசெட் கிணற்றில் குதித்து, நாலு கை போட்டுப் படியைப் பிடித்துவிடுவேன். அந்த நாலு கையை என் மனைவி சுஜாதாவிடம் பன்னிரண்டு வருடமாக வளர்த்து வளர்த்துச் சொன்னதில், நான் கடலையே கடந்தவன் போல் ஆகியிருந்தது. அவள் சூளகிரிக்காரி. தண்ணீர் என்றால் பயம். ஒகேனக்கல்லில் பரிசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் (மீன் வறுவலுக்குப் பயப்படவில்லை). அவளுக்கு நான் நீச்சல் கற்றுத்தருவேன் என்பதுதான், எங்கள் வீட்டில் நிறைவேறாத வாக்குறுதிகளிலேயே மூத்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். மெஷினுக்கு அடியில் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. வயிற்றுத் தசையில் வலுவே இல்லை, நீந்துங்கள் என்றார் டாக்டர். பாகலூர் ரோட்டில் ஒரு நீச்சல் குளத்தில் ஞாயிறு காலை குடும்ப பேட்ச். மகளையும் சேர்த்து மூன்று பேரும் சேர்ந்தோம். முதல் நான்கு வாரம் எனக்கு ஓவர்டைம் இருந்தது. தெரிந்தவனுக்கு எதற்குப் பாடம் என்ற எண்ணமும் இருந்தது. சுஜாதாவும் மகள் நிலாவும் மட்டும் ஒழுங்காகப் போனார்கள்.

ஐந்தாவது வாரம் போய் நின்றேன். கோச் ரம்யா, ஆனேக்கல் பெண். கையில் ஒரு ஸ்பாஞ்ச் பலகையைக் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்து அந்தக் கரைக்குப் போகச் சொன்னார். கிணற்றில் நீந்தியவன் என்று நான் சொன்னதை அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

சுவரை உதைத்துக் கிளம்பினேன். அடித்த அடியில் வாட்ச்மேன் நாற்காலி வரை நனைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிர்க்கரை வந்தபாடில்லை. எங்கள் டிபார்ட்மென்டில் மோட்டார் இழுக்காவிட்டால் வேகத்தைக் கூட்டுவோம். கூட்டினேன். குதிகாலில் ஏதோ இடித்தது. கிளம்பிய அதே சுவர்.

"அப்பா, நீங்க பின்னாடி வர்றீங்க" என்றாள் நிலா.

பன்னிரண்டு வருடப் பெருமை மூழ்கிக்கொண்டிருந்தது. பலகை சரியில்லை என்று அறிவித்தேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பார்ட் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி, நன்றாக ஓடும் மெஷினில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஓடிவிட்டால் பழுது உன் மெஷினில்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பவனே நான். அதே பழக்கத்தில் என் பலகையைச் சுஜாதாவிடம் நீட்டி, அவளுடையதை வாங்கிக்கொண்டேன். சோதனை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

அப்புறம் நடந்ததை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு உள்வாங்கி, இடுப்பு மேலே வந்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரே நேர்கோடு. முட்டி மடங்கவில்லை. கால்மாட்டில் மட்டும் சின்னதாக நுரை. சத்தமே இல்லாமல் தண்ணீர் அவளை ஏந்திக்கொண்டு போனது. பரிசலில் ஏற மாட்டேன் என்றவள் இவள்தானா? அவமானப்படக்கூட மறந்துபோனேன். இத்தனை வருடம் கூடவே இருந்தும் இவளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்க, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "போர்டு நல்லாத்தாங்க இருக்குது."

நான் தலையைத் தூக்குவதால் இடுப்பு இறங்குகிறது, முட்டியை மடக்கிச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று ரம்யா விளக்கினார். சுஜாதா என் வயிற்றுக்கு அடியில் கையை வைத்துத் தாங்கினாள்.

"உள்ள இழுங்க. நான் புடிச்சிருக்கறேன், பயப்படாதீங்க."

இழுத்தேன். முன்னால் போனேன், ஒரு முழம்.

இப்போது இடுப்பு வலி இல்லை, முன்னாலேயே போகிறேன். ஆனால் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, ஸ்கூட்டர் கிளம்பவில்லை, பார்ட் சரியில்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும்.

"அம்மாகிட்ட குடுத்துப் பாருங்கப்பா" என்கிறாள் நிலா.

கொடுத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஓடிவிடுகிறது.